கரிநாள் விழுந்த தாம்பூலப் பை

மதினி,

இன்று காலையில் உங்கள் வீட்டு அடுப்பில் பசை காய்ச்சினேன். மைதாவைக் கரைத்து, கட்டி விழாமல் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டேன். கொதி வந்து அந்த மாவு வாடை வீட்டுக்குள் பரவியதுதான் தாமதம், "ஏ ரசியா, அடிப்பிடிக்கப் போகுது, கிண்டு!" என்று நீங்கள் கத்தப் போகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் பசை வாடை வந்தால் கழுத்து தானாகத் திரும்புகிறது, நான் என்ன செய்ய?

உங்கள் இளையவள் செல்விக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். ஆமாம் மதினி, நம் செல்விக்கேதான்! தாம்பூலப் பை செய்யத்தான் இந்தப் பசை. "கடையில ஆர்டர் குடுத்துருவோம் அத்தை, எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீக?" என்றாள். "ஒங்க அக்காளுக்கு ஒங்கம்மா கையால செஞ்சாக. ஒனக்கு மட்டும் கடைப் பையா? வாயப் பொத்திக்கிட்டு சணல முறுக்கு" என்று சொல்லிவிட்டேன். தாயில்லாத பிள்ளைக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது என்று எனக்கு ஒரே வீம்பு.

ஆனால் இந்த மடலுக்குக் காரணம் பசையும் இல்லை, கல்யாணமும் இல்லை. நேற்று ஒரு சேதி கேட்டேன். கேட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உங்களிடம் சொல்லாமல் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கவும் மாட்டேன். அதன் ருசி உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் மூத்தவள் மாரியின் கல்யாணத்திலிருந்து வர வேண்டும்.

அப்போது சிவகாசியில் அந்தக் காலண்டர் கம்பெனியில் நாம் ஒரே மேசை. நீங்கள் அச்சங்குளத்திலிருந்து கம்பெனி வேனில் வருவீர்கள். நான் ஊருக்குள்ளிருந்து, எங்கள் வீட்டுக்காரரின் பலசரக்குக் கடையைத் தாண்டி நடந்து வருவேன். தினசரி காலண்டரில் தேதித் தாள்கள் ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்று ஒழுங்காக விழுந்திருக்கிறதா என விரல் நுனியால் தள்ளிப் பார்த்து அடுக்குவதுதான் நம் வேலை. சீசனில் தலை நிமிர நேரம் இருக்காது. வாய்க்கு மட்டும் எந்தச் சீசனிலும் ஓய்வே கிடையாது.

மிஷின் ஓட ஆரம்பித்து, கலர் பிடிக்கிற வரைக்கும் வருகிற தாள்களெல்லாம் வேஸ்ட். சிவப்பு வெளிறியிருக்கும், பச்சை ஒதுங்கி விழுந்திருக்கும். "வேணும்னா எடுத்துக்கிடுங்க. ஆனா சாமி படத்துல மட்டும் கத்தரிய வைக்காதீக" என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னாரோ இல்லையோ, உங்கள் பை வீங்கிவிடும். காலண்டர் அட்டையின் நறுக்குகளில் போட்டோ சட்டம் செய்வீர்கள். வண்ணத் தாளைச் சுருட்டிப் பாசி மாலை கோப்பீர்கள். மத்தாப்புப் பெட்டியில் வளையல் பெட்டி. உறவில் எந்த விசேஷத்துக்கும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சாமானோடு போய் நான் பார்த்ததில்லை.

"என்ன மதினி, குப்பையக் கட்டிக்கிட்டுப் போறீக?" என்று ஒரு நாள் கேலி பேசினேன்.

"குப்பைன்னு சொன்ன வாயி, குடுக்கையில பல்லக் காட்டும் பாரு" என்றீர்கள்.

காட்டியதே! அந்தப் பெருநாளைக்கு என் வீட்டு வாசலுக்கு ஒரு மணித் திரை கொண்டுவந்தீர்கள். காலண்டர் படத்தாளைச் சின்னச் சின்னதாகச் சுருட்டி, கம்பி கோத்து, நிலையிலிருந்து தரை வரைக்கும் தொங்குகிற திரை. "முஸ்லிம் வீடுன்னு சாமி படமே வராம பாத்துப் பாத்துச் சுருட்டுனேன். அம்புட்டும் மலையும் அருவியுந்தேன்" என்றீர்கள். என் மாமியார், ஆளுக்கு லேசில் சிரிப்பு வராதவர், திரையை விலக்கி விலக்கி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். பிரியாணியை மறந்துவிட்டு எல்லாரும் அந்த வேடிக்கையைப் பார்த்தோம்.

அப்படிப்பட்ட நீங்கள் மாரி கல்யாணத்தில்தான் பயந்தீர்கள். மாப்பிள்ளைக்குச் சூலக்கரையில் ஆபீஸ் வேலை. விருதுநகரில் சொந்த வீடு. மாப்பிள்ளையின் அம்மா, அந்தச் சம்பந்தியம்மா, பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டைச் சுற்றி மெதுவாக ஒரு பார்வை பார்த்தார். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அந்தப் பார்வை உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மண்டபமும் சாப்பாடும் அவர்கள் செலவு, தாம்பூலப் பை நம்முடையது என்று பேச்சு. "அந்த ஒண்ணுலயாவது என் மக தலை நிமிந்து நிக்கணும் ரசியா. பொறந்த வீட்டச் சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிரக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

என்ன பை செய்தோம் மதினி! தேதித் தாள் வெட்டுப்படாமல், பல நாட்கள் பக்கத்துப் பக்கத்தில் அச்சான பெரிய பெரிய தாள்கள். ஒரு பைக்கு இரண்டு தாள், தேங்காயின் கனம் தாங்க. அடியில் காலண்டர் அட்டை. எங்கள் கடை மூட்டைகளைப் பிரிக்கும்போது விழுகிற சணலை முறுக்கிக் கைப்பிடி. முதல் பையில் ஒரு தேங்காயைப் போட்டு நீங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். பை தாங்கியது. சுவர்தான் தாங்கவில்லை, காரை பெயர்ந்து விழுந்தது. தேங்காய் உடைந்ததும் "சகுனம் சரியா இருக்கு!" என்று கைதட்டி, அந்தச் சில்லையே ஆளுக்கு ஒன்றாகத் தின்றோம்.

எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். "ஒண்ணு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரி இருந்தா வேஸ்ட்டுல செஞ்சதுன்னு கண்டுபிடிச்சிருவாக. கடையில வாங்குன கணக்கா இருக்கணும்." அதனால் ஒரே கட்டிலிருந்து தாள் எடுத்தோம், ஒரே அளவில் மடித்தோம், ஒரே இடத்தில் ஒட்டினோம். முன்பக்கத்து நடுவில் எல்லாப் பையிலும் ஒரே தேதி வந்து சட்டமாக உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது. சாமி சத்தியமாக அழகாக இருந்தது என்று நீங்களே சொன்னீர்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். எங்கள் வீட்டுக்காரர் பாக்கு மூட்டையை மொபெட்டில் வைத்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் காலையிலிருந்தே அங்கேதான் கிடந்தேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டினார். "ஏம்மா, கல்யாணம் நாளைக்குத்தான?" என்றார்.

"ஆமாண்ணே, என்ன இப்பிடிக் கேக்குறீக?"

"இல்ல, பையில கரிநாளுன்னு போட்டுருக்கே. அஷ்டமி வேற."

அவருக்குத்தான் இது கண்ணில் படும். கடையில் மஞ்சளும் சூடமும் வாங்க வருகிறவர்கள் "பாய், எமகண்டம் எப்ப முடியுது? நாளைக்கு நாள் எப்பிடி?" என்று கேட்டுக் கேட்டு, காலண்டரில் பொடி எழுத்தைப் படிப்பதே அவருக்குப் பழக்கம். நமக்கு? காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் தேதியைக் கையில் வைத்திருக்கிறோம். ஆனால் நமக்குத் தேதி என்றால் வரிசை. பதினாறுக்கு அப்புறம் பதினேழு வந்தால் போதும். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நாம் என்றைக்கு மதினி படித்தோம்? காலண்டர் கம்பெனிக்காரி இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரு கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் கரிநாளை மடித்து வைத்திருக்கிறோம்!

அடுத்து நடந்தது சண்டை. "மடிச்சது யாரு?" "கட்டப் பிரிச்சுக் குடுத்தது யாரு?" "ஒனக்குக் கண்ணு எங்க போச்சு?" "எனக்குக் கரிநாளு என்ன தெரியும், ஒங்களுக்குல்ல தெரியணும்!" எங்கள் வீட்டுக்காரர் பாக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நமக்கெதற்கு என்று வெளியே போய் நின்றுகொண்டார்.

அப்புறம் திடீரென்று நீங்கள் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "என் மக மானம் போச்சு ரசியா. நாளைக்கு அந்தம்மா இதக் கையில வாங்கும். வாங்கிப் படிக்கும். கரிநாளப் போட்டுக் குடுத்து அனுப்புனவ மகதான நீன்னு காலத்துக்கும் கேக்கும்" என்றீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைக்கு ஓடலாம் என்றால் கையில் இருந்ததெல்லாம் நகையாகவும் பாத்திரமாகவும் ஆகிவிட்டது. கம்பெனியில் வேறு வேஸ்ட் கேட்கலாம் என்றால் சீசன் முடிந்து எல்லாம் எடைக்குப் போய்விட்டது.

"அந்த எடத்துல மட்டும் கலர்த் தாள ஒட்டிருவோம் மதினி" என்றேன்.

"வெறுந்தாள ஒட்டுனா என்னத்தையோ மறைச்சிருக்காகன்னு சுரண்டிப் பாப்பாக" என்று மூக்கை உறிஞ்சினீர்கள். உறிஞ்சிக்கொண்டே சுவரைப் பார்த்தீர்கள். சுவரில் உங்கள் வீட்டுக் காலண்டர். அடுத்த நிமிஷம் எழுந்து நின்றீர்கள். அன்றைய தாளைத் தூக்கிவிட்டு, அதற்குக் கீழே இருந்த மறுநாள் தாளைச் சர்ரென்று கிழித்தீர்கள். பையின் மேல் வைத்தீர்கள். கரிநாள் இருந்த கட்டத்தை அப்படியே மூடியது. மாரியின் கல்யாணத் தேதி. கீழே சுபமுகூர்த்த நாள் என்று சிவப்பில்.

"ஏ ரசியா!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற எங்கள் வீட்டுக்காரர் உள்ளே ஓடி வந்தார். "தெருவுல எம்புட்டு வீடு, வீட்டுக்கு எத்தன காலண்டரு!"

சிவகாசிப் பக்கம் ஒரு வீட்டில் ஒரே ஒரு காலண்டர் இருந்தால் அது வீடா? கம்பெனி கொடுத்தது ஒன்று, நகைக்கடை கொடுத்தது ஒன்று, பலசரக்குக் கடை, உரக்கடை, பேங்க் என்று ஆணிக்கு ஆணி தொங்கும். அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேன் உங்கள் தெரு முக்கில் வந்து திரும்பியது. நீங்கள் நடுரோட்டில் கையை விரித்து நின்றீர்கள். டிரைவர் பிரேக்கைப் போட்டுவிட்டு, "ஏலே, யாரும் விழுந்து கிழுந்து போனாகளா?" என்று பதறி இறங்கினான்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயி நாளத்த தேதியக் கிழிச்சுட்டு வாங்க! அம்புட்டுக் காலண்டர்லயும்!" என்றீர்கள்.

"அக்காளுக்குக் கல்யாண வேலையில கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று ஒருத்தி சொன்னாள். விஷயம் தெரிந்ததும் வேனே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும், "விடியாத நாளக் கிழிக்கலாமாக்கா? ஆகாதும்பாகளே" என்று தயங்கினாள். "குப்பையிலயா போடுறோம்? கல்யாணத்துக்குல்ல போகுது. அந்த நாளுக்கு இதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்?" என்று நீங்கள் கேட்டதும் அவள்தான் முதலில் ஓடினாள். டிரைவர் வேனில் மாட்டியிருந்ததையும் கிழித்துக் கொடுத்தான். எங்கள் வீட்டுக்காரர் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய், கடைத்தெருவில் பாய் கேட்கிறார் என்று மறுக்காமல் எல்லாரும் கொடுக்க, சட்டைப்பை பிதுங்க வந்து சேர்ந்தார்.

பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் கைக்குப் பசையும் தாளும் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! நாள் முழுக்கக் குழாய் உருட்டி ஒட்டின விரல்கள். பேசிக்கொண்டே, பாட்டுப் பாடிக்கொண்டே, பொழுது சாயுமுன் முடித்துவிட்டார்கள். நீங்கள் பயந்த மாதிரியே எந்தப் பையும் இன்னொன்றைப் போல இல்லை. ஒன்றில் பச்சைத் தேதி, ஒன்றில் நீலம். ஒன்றின் ஓரத்தில் நகைக்கடைப் பெயர், ஒன்றில் குறள், ஒன்றில் ராசிபலன். ஒட்டின பைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாப் பையிலும் நம் மாரியின் நாள்.

மறுநாள் அந்தத் தெருவில் யார் வீட்டுக் காலண்டரிலும் தேதி இல்லை. "காலண்டர்ல நாளே இல்ல, அப்பறம் எப்பிடி வேலைக்கி வர்றது?" என்று வேன் டிரைவரிடம் சொல்லிவிட்டு அத்தனை பெண்களும் பட்டுச்சேலையில் விருதுநகர் மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள். வாசலில் பை கொடுத்தவள் நான். சம்பந்தியம்மா ஒரு பையை வாங்கினார். தேதியைப் படித்தார். புரட்டினார், தூக்கிப் பார்த்தார். மணமேடையிலிருந்து நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், முகத்தில் ரத்தமே இல்லை. "கல்யாணத் தேதியவே போட்டிருக்கீக. ஆர்டர் குடுத்துச் செஞ்சீகளா?" என்று கேட்டார். நான் அடுத்த பையை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நீங்கள்தான் மேடையிலிருந்து இறங்கி வந்து, "ஆமா சம்பந்தி, சிவகாசியில ஸ்பெசல் ஆர்டர்" என்றீர்கள். அம்மாடி, என்ன தைரியம்!

அதற்கப்புறம் எத்தனை வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சம்பந்தியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "ஸ்பெசல் ஆர்டர்" பேச்சை நீங்களே எடுப்பீர்கள். அவரும் தலையை ஆட்டுவார். வெளியே வந்ததும் என் இடுப்பில் ஒரு குத்து: "இன்னமும் நம்புது ரசியா!" தெருவிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், கேட்காமலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்த நாளின் தாள் வந்துவிடுகிறது.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

நேற்று சம்பந்தியம்மா விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலியோடு, தனியாக. கையில் ஒரு கேரி பேக். திறந்து என் மடியில் கொட்டினார். அத்தனையும் வெள்ளிக்கிழமை! ஒரு மடி வெள்ளிக்கிழமை!

"எங்க தெருவுல யாரு வீட்டுலயும் இனி வெள்ளிக்கெழம கெடையாது. வீடு வீடாப் போயி நானே வாங்குனேன். செல்விக்குக் காணுமா, இன்னும் வேணுமா?" என்றார்.

ஒரு தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும் ரசியா. பைய வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன்ல, அடியில கரிநாளு நல்லாத் தெரிஞ்சுச்சு. மேல ஒட்டுன பசைகூடச் சரியாக் காயல. தலைய நிமித்துனா, மேடையில ஒங்க மதினி முகம். பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுல நானும் அந்த முகத்தோட நின்னவதான். அப்பறம் என்னத்தக் கேக்க?"

"இம்புட்டு வருசமும் சொல்லவே இல்லையே."

"ஸ்பெசல் ஆர்டருன்னு சொல்லும்போது அவுகளுக்கு எம்புட்டுச் சந்தோசம்! அதப் போயிக் கெடுப்பாகளா?"

கேட்டீர்களா மதினி? நம்பவே இல்லையாம்! நீங்கள் என் இடுப்பில் குத்திக் குத்திச் சிரித்த அத்தனை தடவையும் அந்த அம்மாள் உள்ளே உட்கார்ந்து உங்களுக்காகத் தலையாட்டியிருக்கிறார். நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. சணலை முறுக்கிக்கொண்டிருந்த செல்வி என்னைப் பார்த்துப் பயந்து தண்ணீர் எடுத்துவர ஓடினாள். எனக்கு உங்கள் மேல்தான் கோபம். இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் இதைக் காதால் கேட்டிருப்பீர்கள். யாருக்குப் பயந்து பயந்து செத்தீர்களோ, அவர் முதல் நாளே உங்கள் மானத்தைக் காத்திருக்கிறார் என்று தெரியாமலே போய்விட்டீர்களே.

சம்பந்தியம்மா ஊருக்குத் திரும்பவில்லை. கல்யாணம் முடியும்வரை இங்கேதான் என்று சொல்லிவிட்டார். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, பசைச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பழக்கமில்லாத கை. பசையை அள்ளி அப்புகிறார், தாள் கோணிக்கொண்டு போகிறது. நீங்கள் இருந்தால் சம்பந்தி என்றும் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டிருப்பீர்கள். நானோ, அவர் முதலில் ஒட்டிய கோணல் பையை மட்டும் கணக்கில் சேர்க்காமல் எடுத்து என் சேலைக்கடியில் வைத்துக்கொண்டேன். அது உங்களுக்குக் கொடுக்க வேண்டியது மதினி. நானும் அங்கே வரும்போது கொண்டுவருகிறேன்.

ரசியா